வாட்டில் மரத்துக்குப் பெயர் போட்டால் வெறும் "அகேசியா" என்று மாறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

கோத்தகிரி_செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்னுக்கு வடக்கே மில் பார்க்கில் இருக்கிறேன். பிளென்டி கார்ஜ் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். சாயங்கால நடையில் கண்ணில் படுகிற செடி கொடிகளையெல்லாம் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் (படம் போட்டால் செயலியும் மற்றவர்களும் பெயர் சொல்கிற தளம்) போடுவது பழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு இதில் ஒரே கிண்டல். பால் வாங்கப் போனவள் களைச்செடியோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறாள் என்பார்.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில் ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் ஒரு வாட்டில் மரம் பூத்திருந்தது. (இங்கே அகேசியா மரங்களை வாட்டில் என்பார்கள்.) வெளிர்மஞ்சள் பூ, தேன் வாசனை பாதை முழுக்க. எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் கோத்தகிரிக்காரி. எங்கள் ஊரில் சீகை மரம் என்போம். தோல் பதனிட இதன் பட்டையை உரித்து லாரியில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள், விறகுக்கு இதன் சுள்ளியைப் பொறுக்கியவள். வனத்துறைக்காரர் ஒருவர் அப்போதே சொல்லியிருக்கிறார், இது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கறுப்பு வாட்டில் என்று. அதனால் தயங்காமல் அகேசியா மியர்ன்சி என்று பெயர் போட்டேன்.

செயலி என்னவோ முதல் பெயராக அகேசியா டீல்பேட்டாவைத்தான் காட்டியது. அதாவது வெள்ளி வாட்டில். மறுநாள் யாரோ ஒருவர் வந்து அதே டீல்பேட்டாவைப் போட்டுவிட்டுப் போனார். காரணம் ஒரு வரி கூட எழுதவில்லை. உடனே தலைப்பு "அகேசியா" என்று மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1000 அகேசியா இருக்கிறதாம். அதில் ஒன்று என்று சொல்வதற்கு நான் எதற்குப் படம் எடுக்க வேண்டும்? அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

நான் போட்டது மூன்று படம். தூரத்திலிருந்து முழு மரம் ஒன்று, பூங்கொத்து இரண்டு. பூ நன்றாகவே விழுந்திருக்கிறது.

கூடவே இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் தெருவில் செக்கச்செவேல் என்று பூக்கிற யூகலிப்டஸ் ஒன்று உண்டு. அதைப் போட்டால் யாருமே சீண்டுவதில்லை. அப்புறம், நீலப்பூ பூத்த ஒரு புல் மாதிரியான செடியைப் பூங்காவில் எடுத்துப் போட்டேன். ஒருவர் டயனெல்லா அமீனா என்று சொன்னார். என் போனில் இடம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழி போனில் திறந்தால் வேறு எங்கோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டுகிறது. செயலியில் கோளாறா?

---

நல்லூரான் எழுதியது:

செல்வி தங்கச்சி, உங்களுடைய பதிவைப் போய்ப் பார்த்தேன். மெல்பேர்ண் கிழக்கில் ஒரு சிற்றாறு பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் கனகாலமாக இருக்கிறேன். இரவில் சாப்பிட்ட பிறகு ஐநேச்சுரலிஸ்ட்டில் விக்டோரியா வாட்டில்களுக்குப் பெயர் பார்த்துக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் மரம் மியர்ன்சியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த மூன்று படத்தை வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்கள் சின்ன வயதில் பார்த்த மரம் என்பது உங்களுக்குச் சாட்சி, படத்தைப் பார்க்கிற எனக்கு இல்லை. உருண்டை மஞ்சள் பூ இந்த இனத்தில் பாதிக்கு உண்டு. எல்லோரும் பூவைத்தான் எடுக்கிறார்கள். வாட்டிலில் பூ கடைசிச் சாட்சி.

இலையைப் பாருங்கள். பறிக்கத் தேவையில்லை, கொப்பில் இருக்கும்படியே விரல்களுக்கு நடுவே பிடியுங்கள். ஒரு நடுத்தண்டு, அதன் இரு பக்கமும் சோடி சோடியாகக் கிளைத்தண்டுகள், அவற்றில்தான் பொடிச் சிற்றிலைகள். இப்போது நடுத்தண்டின் மேற்பக்கத்தை வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்புங்கள். ஊசிமுனை அளவில் குமிழ் குமிழாகத் தெரிவது சுரப்பிகள். டீல்பேட்டாவில் ஒவ்வொரு சோடி சேருமிடத்திலும் ஒரு சுரப்பி, ஒழுங்காக, அவ்வளவுதான். மியர்ன்சியில் சேருமிடத்திலும் இருக்கும், இரண்டு சோடிக்கு நடுவிலும் ஒழுங்கில்லாமல் ஒன்றோ இரண்டோ இருக்கும். இந்த நடுச் சுரப்பி தெரிகிற படம் ஒன்று போதும், நான் வேறு எதையும் கேட்கமாட்டேன்.

கைத்தொலைபேசியில் எடுக்கும்போது கிட்டக் கொண்டுபோனால் மங்கும். ஒரு முழம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள், பின்னால் உள்ளங்கையை வையுங்கள். இல்லாவிட்டால் கமரா பின்னால் உள்ள புல்லைத்தான் வடிவாக எடுக்கும்!

அடுத்தது கொழுந்து. டீல்பேட்டாவின் இளங்கொப்பு வெள்ளிச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். மியர்ன்சியின் நுனி பொன்னிறமாக, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பத்து மீற்றர் தூரத்திலேயே தெரியும்.

திகதியும் ஒரு சாட்சி. டீல்பேட்டா இங்கே யூலை, ஓகஸ்டில் தொடங்கி ஒக்டோபருக்குள் பூத்து முடித்துவிடும். நவம்பர் கடைசியில் அதில் பூவுக்குப் பதில் பச்சைக் காய்தான் தொங்கவேண்டும். மியர்ன்சி ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பூக்கும். அதன் காய் முற்ற ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே பூவோடு சேர்த்துப் போன வருடக் காயும் அதே மரத்தில் கிடைக்கும். காய் ஒடுக்கமாக, விதைக்கு விதை இடுங்கி மணிமாலை கோத்தமாதிரி இருந்தால் மியர்ன்சி. டீல்பேட்டாக் காய் அகலமாக, தட்டையாக, அதிகம் இடுங்காமல் இருக்கும். மரத்தின் கீழே குனிந்து பார்த்தால் காய்ந்த காய் கட்டாயம் கிடைக்கும்.

இன்னும் இரண்டு ஆட்களை விலக்கவேண்டும். அகேசியா டெகரன்சில் சிற்றிலைகள் நீளமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும், இளங்கொப்பில் விளிம்பு கட்டின வரிகள் ஓடும். அகேசியா பெய்லியானாவில் ஓரிலைக்கு இரண்டு முதல் நாலு சோடிதான், நீலச் சாம்பல் நிறம். பெய்லியானாவின் சொந்த இடம் நியூ சவுத் வேல்சில் கூட்டமுண்டரா பக்கத்துச் சின்னத் துண்டு நிலம். வடிவான மரம் என்று எல்லா இடமும் நட்டு, இப்போது விக்டோரியாவில் அது களை. அவுஸ்திரேலியாவின் சுதேசி மரம், ஆனாலும் எங்கள் குழு பிடுங்குகிறது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேநீர் நேரம் வேண்டும்.

தலைப்பு ஏன் மாறியது என்றால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆட்கள் ஒத்துப்போனால்தான் அந்தத் தளம் ஒரு பெயரை ஏற்கும். உங்கள் ஒரு வாக்கு, அவருடைய ஒரு வாக்கு. இரண்டுக்கும் பொதுவான மட்டத்துக்குப் பின்வாங்கிவிட்டது. பிழை ஒன்றும் இல்லை. சுரப்பிப் படத்தைச் சேர்த்துவிட்டு, கருத்துப் பெட்டியில் "நடுச் சுரப்பி பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுதாமல் பெயர் போடுகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் வருவதுண்டு, ஆனால் அநேகமாக அவர்கள் ஒரே இருப்பில் நூறு படம் பார்க்கிறவர்கள்.

ரோயல் பொட்டானிக் கார்டன்ஸ் விக்டோரியா நடத்தும் விக்ஃப்ளோரா தளத்தில் இந்த இரண்டு மரத்தின் விவரணையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வாசியுங்கள். நான் சொன்னதை நம்பவேண்டியதில்லை.

---

டவுன்ஸ்வில்_முருகேசன் எழுதியது:

நல்லூரான் ஐயா சொன்னது பாடம். இருந்தாலும் ஒரு சின்ன மறுப்பு. இத்தனை படம் எடுத்தால்தான் போடவேண்டும் என்று ஆகிவிட்டால் பாதிப் பேர் படமே போடமாட்டார்கள். அகேசியா என்று நின்றால் நிற்கட்டுமே. இடமும் தேதியும் பதிவாகிவிட்டதல்லவா? பின்னால் யாராவது வந்து பெயர் வைப்பார்கள்.

நான் பார்க்கிற வேலைக்கு குயின்ஸ்லாந்தின் உள்நாட்டில் ஹியூன்டன், ரிச்மண்ட் பக்கமெல்லாம் வண்டியில் போகவேண்டி வரும். அங்கே புல்வெளியில் நம்ம கருவேல மரம் காடாக நிற்கிறது. ராமநாதபுரத்துக்காரனுக்கு அதை அடையாளம் காட்ட செயலியா வேண்டும்? வெள்ளை முள், மஞ்சள் உருண்டைப் பூ, விதைக்கு விதை இடுங்கிய சாம்பல் நிறக் காய். 1890-களில் நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்று கொண்டுவந்து நட்டார்களாம். இன்று தேசிய முக்கியத்துவம் உள்ள களைகளின் பட்டியலில் இருக்கிறது. மாடு காயைத் தின்று விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் போட்டுவிடும். முன்பு இல்லாத ஒரு புதுப் பண்ணையில் ஒற்றை மரம் தென்பட்டால் அந்தப் படம் கவுன்சில்காரர்களுக்குப் பெரிய உதவி. அதில் சுரப்பி தெரியவேண்டிய அவசியமில்லை.

ஒன்று மட்டும் கவனம். கருவேலத்தை அகேசியா நிலோட்டிகா என்று தேடினால் இப்போது வச்செலியா நிலோட்டிகா என்று வரும். தாவரவியலாளர்கள் 2005-ல் வியன்னாவில் முடிவெடுத்து, 2011-ல் மெல்பர்ன் மாநாட்டில் உறுதி செய்து, அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் குழம்பவேண்டாம்.

---

கான்பரா_மீனா எழுதியது:

செல்வி அக்கா, இடம் மாறிக் காட்டுவது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்வது. டயனெல்லா அமீனா அருகிவரும் செடி, மெல்பர்னின் வடக்குப் புறப் புல்வெளிகளில் மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தில் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இந்த மாதிரிச் செடிகளின் இடத்தைத் தளமே மறைத்து, சுற்றிலும் சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியைக் காட்டும். உங்களுக்கு மட்டும் உண்மையான இடம் தெரியும். தரை ஆர்க்கிட்களுக்கு இது ரொம்பவே முக்கியம், தோண்டி எடுத்துக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு விஷயம் தயவுசெய்து கவனியுங்கள்: குறிப்புப் பெட்டியில் "மூன்றாவது வாகன நிறுத்தத்துக்குப் பின்னால்" என்று எழுதிவிட்டால் மறைத்ததற்கே அர்த்தமில்லை. பின்புலத்தில் பெயர்ப்பலகை விழுந்த படத்தையும் போடாதீர்கள்.

தெருவிலுள்ள சிவப்புப் பூ மரம் அநேகமாக கொரிம்பியா ஃபிசிஃபோலியா, அல்லது அதை வைத்து ஒட்டுக்கட்டிய நர்சரி ரகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் ஒரு சின்னப் பகுதிதான் அதன் சொந்த ஊர், மெல்பர்ன் தெருக்களில் இருப்பதெல்லாம் நட்டது. நட்ட மரத்தைக் காட்டுச் செடி போலப் போட்டால் யாராவது "வளர்க்கப்பட்டது" என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் அது ஆய்வுத் தரத்துக்கு (ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளத்தக்க பதிவு என்ற தகுதிக்கு) போகாது, பார்க்க வருகிறவர்களும் குறைவு. நீங்களே முதலில் குறித்துவிடுவது நல்லது.

முருகேசன் அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். களைக்கு ஒரு படம் போதும். ஆனால் யூகலிப்டஸை ஒரு படத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். தூரத்து மரம், நீல வானம், அவ்வளவு. எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களில் எதை நான் சொல்ல? இங்கே பிளாக் மவுண்டனில் வெள்ளைப் பட்டை மரம் இரண்டு வகை ஒன்றாக நிற்கும், யூகலிப்டஸ் ராசியும் யூகலிப்டஸ் மானிஃபெராவும். ராசியின் பட்டையில் பேனாவால் கிறுக்கியது போல் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அது ஓக்மோகிராப்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போன வழி. மேல்பட்டை உதிர்ந்ததும் வெளியே தெரிகிறது. கிறுக்கல் தெரிகிற மாதிரி தண்டை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அதுவே பெரிய துப்பு. பொதுவாக யூகலிப்டஸுக்கு அடிமரப் பட்டை, மேல்கிளைப் பட்டை, மொட்டு, காய், முதிர்ந்த இலை, அடியில் துளிர்த்த இளம் இலை எல்லாம் வேண்டும். மொட்டும் காயும் எட்டாத உயரத்தில் இருந்தால் கீழே உதிர்ந்து கிடப்பதை உள்ளங்கையில் வைத்து எடுங்கள், ஆனால் அது இந்த மரத்திலிருந்துதான் விழுந்ததா என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கான்பரா நேச்சர் மேப் என்ற எங்கள் வட்டாரத் தளத்தில்தான் அதிகம் போடுவது. அங்கே வாக்கு எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு தாவரக் குழுவுக்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்து உறுதி செய்வார்கள். பெயர் தெரியவில்லை என்றே போடலாம். நம்ம ஊரில் மூலிகைக்காரரிடம் செடியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்கிற மாதிரி வசதி. மெல்பர்னில் இருப்பவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட்தான் சரி. அதில் ஆய்வுத் தரம் எட்டினவை, நீங்கள் படத்தின் பயன்பாட்டு உரிமத்தை இறுக்கி மூடி வைக்காத வரையில், அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா என்ற தேசிய உயிரினத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும்.

---

கோத்தகிரி_செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டுதான், உள்ளங்கை பிடிக்க ஆள் வேண்டுமே!

ஐயா சொன்ன மாதிரி இலையைச் சாய்த்துப் பிடித்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பச்சைத் தண்டு. வெயில் பக்கமாகத் திருப்பினேன். நுனிப்பக்கத்துச் சோடிகள் சேருமிடத்தில் ஒவ்வொரு குமிழ், சுற்றி மெல்லிய மயிர். அப்படியே காம்பு நோக்கி வந்தால் இரண்டு சோடிக்கு இடையில் ஒன்று, அடுத்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை, அதற்கடுத்ததில் நெருக்கி இரண்டு. ஒரு குமிழில் எறும்பு வாய் வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது, அதோடு சேர்த்தே எடுத்துவிட்டேன். கொழுந்து பொன்னிறம்தான், படத்தில் கொஞ்சம் பித்தளை மாதிரி வந்திருக்கிறது. காய் மரத்திலேயே கறுப்பாகத் தொங்கியது, இடுங்கின காய். ஸ்கேலை ஒட்டி வைத்து எடுத்திருக்கிறேன்.

கோத்தகிரியில் இத்தனை வருஷம் இதன் கீழேயே கிடந்தோம், இந்தச் சுரப்பியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே சோலைக்காட்டையும் புல்வெளியையும் இந்த மரம் விழுங்குகிறது என்று வெட்டுகிறார்கள், அது சரிதான். இங்கே அது ஆற்றோரத்தில் அதன் பாட்டுக்கு, தன் சொந்த இடத்தில் நிற்கிறது, கிளையெல்லாம் பறவைச் சத்தம்.

படங்களைச் சேர்த்து, "நடுச் சுரப்பி பார்க்கவும்" என்றும் எழுதியாகிவிட்டது. சிவப்பு மரத்தை வளர்க்கப்பட்டது என்று குறித்துவிட்டேன். டயனெல்லா குறிப்பில் பாதையின் பெயர் இருந்தது, நீக்கிவிட்டேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். அதே பாதையில் ஒரு கன்று. கீழே அகலமான நீள இலை, அதே இலையின் நுனியில் மியர்ன்சி மாதிரி இறகு இலை! ஒட்டுக்கட்டினதா?

---

நல்லூரான் எழுதியது:

பார்த்தேன், மியர்ன்சி என்று போட்டுவிட்டேன். எறும்புப் படம் அருமை. டீல்பேட்டா போட்டவரும் காலையில் தன்னுடையதை விலக்கிவிட்டார் போலிருக்கிறது, தலைப்பு மாறிவிட்டது.

அந்தக் கன்று அநேகமாக அகேசியா மெலனொக்சிலன், பிளக்வுட் என்பார்கள். அந்த அகன்ற பாகம் இலை இல்லை, இலைக்காம்புதான் தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. கன்றாக இருக்கும்போது அதன் நுனியில் உண்மையான இறகு இலை கொஞ்சக்காலம் ஒட்டிக்கொண்டு இருக்கும், வளர வளர நின்றுவிடும். இறகு இலையை மட்டும் கிட்ட எடுத்துப் போட்டால் செயலி மியர்ன்சி என்றுகூடச் சொல்லும். ஆகவே இரண்டும் ஒரே சட்டகத்தில் விழும்படி எடுங்கள். பக்கத்தில் பெரிய மரம் நின்றால் அதன் இலையில் எத்தனை நீள நரம்பு ஓடுகிறது, நரம்புகளுக்கு நடுவே வலை தெரிகிறதா என்பதும் வேண்டும். விதை கிடைத்தால் இன்னும் நல்லது, இளஞ்சிவப்புக் காம்பு விதையைச் சுற்றி இரட்டை மடிப்பாகச் சுருண்டிருக்கும்.

முருகேசன் தம்பி, ஹியூன்டன் பக்கம் போகும்போது அந்தக் கருவேலத்தோடு அங்கத்தைய சுதேசி வாட்டில்களையும் இரண்டொன்று எடுத்துப் போடுங்கள். உள்நாட்டுப் பக்கத்துப் பதிவுகள் மிகக் குறைவு. சுரப்பி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.